பெங்களூரு பிஜி அறையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு விஎம்கள் ஓட்ட முடியுமா?

முடியும், தாராளமாக. ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரே கணினிக்குள் பல விஎம்களை, அதாவது மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் கணினிகளை, ஓட்ட உதவும் மென்பொருள். கேள்வியில் நீங்கள் சொன்னது இது: 16 ஜிபி ரேம் உள்ள பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது, மாரத்தஹள்ளி பக்கம் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கியிருக்கிறீர்கள், வைஃபை மட்டும்தான் உண்டு, லினக்ஸ் அட்மின் வேலைக்குத் தயாராகிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது, எத்தனை விஎம் ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதே ஊரில் சர்வர் நிர்வாகத்தில் இருக்கிறேன். வேலை தேடி இங்கே வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விஎம் உருவாக்குவது கஷ்டமே இல்லை. ஐஎஸ்ஓவை (இயங்குதளத்தின் இன்ஸ்டால் கோப்பை) ஏற்றிவிட்டு நாலைந்து பக்கங்களில் விவரம் கொடுத்தால் முடிந்தது. ஆள் தடுமாறுவது நெட்வொர்க்கிலும் பேக்கப்பிலும்தான். அவை இரண்டையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம்: நீங்கள் கற்கப்போவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் கட்டப்பட்டது. வியன்னாவில் இருக்கும் நிறுவனம் 2008இல் வெளியிட்டது, மூல நிரல் முழுவதும் திறந்தது. உள்ளே விஎம்களை உண்மையில் ஓட்டும் பகுதி கேவிஎம். அது 2007இல் லினக்ஸ் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதியின்) 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. கூகுள் கிளவுடின் விஎம்களும் கேவிஎம் மேல்தான் ஓடுகின்றன, அமேசான் கிளவுடின் நைட்ரோ அமைப்புக்கும் அடிப்படை அதுவே. 2023 நவம்பரில் விஎம்களுக்கான மென்பொருள் விற்கும் விஎம்வேரை பிராட்காம் வாங்கி, நிரந்தர லைசென்ஸை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு பல நிறுவனங்கள் மாற்று தேடத் தொடங்கின. 2024இல் ப்ராக்ஸ்மாக்ஸே விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை நேராக இழுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. அறையில் உட்கார்ந்து நீங்கள் பழகுவது நாளை ஆபீஸில் அப்படியே கைகொடுக்கும்.

இப்போது நெட்வொர்க்கைப் பார்ப்போம். பிஜியில் இருப்பவர்களுக்குப் பெரிய சிக்கலே இங்கேதான். ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலரில் வைஃபை அமைக்க வழி இல்லை, கேபிள் இணைப்பைத்தான் அது எதிர்பார்க்கிறது. சரி, பிறகு டெபியன் முறையில் வைஃபையைக் கையால் அமைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அமைக்கலாம், ஹோஸ்டுக்கு (விஎம்களைத் தாங்கும் டெஸ்க்டாப்புக்கு) இன்டர்நெட்டும் வரும். ஆனால் அப்படியே விஎம்களுக்கு வராது. ப்ராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு விஎம்முக்கும் தனி மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுத்து, விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்) வழியாக வெளியே அனுப்புகிறது. வைஃபை ஆக்ஸஸ் பாயிண்டோ, தன்னிடம் முறைப்படி இணைந்த மேக் முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டை மட்டுமே ஏற்கும். உங்கள் வைஃபை கார்டுக்குப் பின்னாலிருந்து வேறொரு மேக் பேசினால் அந்தப் பாக்கெட்டை ஏற்காமல் தள்ளிவிடும். இது ப்ராக்ஸ்மாக்ஸின் குறை அல்ல, வைஃபையின் அமைப்பே அப்படித்தான். இது தெரியாமல் இரவெல்லாம் பிரிட்ஜ் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

இரண்டு வழி உண்டு. முதலாவது, ஹோஸ்டிலேயே நாட் (விஎம்களின் போக்குவரத்தை ஹோஸ்டின் முகவரியிலேயே வெளியே அனுப்பும் முறை) அமைப்பது. எந்தப் போர்ட்டும் சேர்க்காத பிரிட்ஜ் ஒன்றை உருவாக்கி, அதற்கு 10.10.10.1 மாதிரி ஒரு முகவரி கொடுத்து, ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, வைஃபை வழியாக மாஸ்கரேட் செய்ய வேண்டும். படிப்பதற்கு அருமையான பாடம் இது. இரண்டாவது வழியைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன்: சின்ன டிராவல் ரௌட்டர் ஒன்று வாங்கி, அதை டபிள்யூஐஎஸ்பி முறையில் வையுங்கள். அது பிஜி வைஃபையில் ஒரு போன் போலச் சாதாரணக் கருவியாகச் சேர்ந்துகொண்டு, தன் லேன் போர்ட்டில் உங்களுக்கென்று தனி நெட்வொர்க் தரும். டெஸ்க்டாப்பை அதில் கேபிளால் இணைத்தால் பிரிட்ஜ் எந்த வம்பும் இல்லாமல் வேலை செய்யும். சில பிஜிகளில் வைஃபைக்கு லாகின் பக்கம் இருக்கும். ரௌட்டர் வழியாக ஒரு கருவியில் லாகின் செய்தால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்த ஊரில் வேலை மாறினால் அறையும் மாறும். ப்ராக்ஸ்மாக்ஸ் நிலையான ஐபியில் இருப்பது. புது இடத்து ரௌட்டரின் முகவரி வரிசை வேறாக இருந்தால் நிர்வாகப் பக்கமே திறக்காது, மானிட்டரும் கீபோர்டும் இணைத்து நெட்வொர்க் கோப்பையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் திருத்த வேண்டிவரும். சொந்த ரௌட்டர் இருந்தால் உங்கள் நெட்வொர்க்கும் உங்களோடு குடி மாறிவிடும். ஹோஸ்டின் ஐபியை ரௌட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு (அது தானாகக் கொடுக்கும் முகவரிகளுக்கு) வெளியே வைக்க மறக்காதீர்கள். அப்புறம், 8006 போர்ட்டில் இருக்கும் நிர்வாகப் பக்கத்தை ஒருபோதும் இன்டர்நெட்டுக்கு நேராகத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை போதும், போர்ட் ஃபார்வர்டிங் கிடைக்காத பிஜி இணைப்பிலும் அது வேலை செய்யும்.

இன்ஸ்டாலேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்குங்கள், இல்லையென்றால் இன்ஸ்டாலரே எச்சரிக்கும். அந்த டிஸ்க்கில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும், ஊர்ப் படங்கள் எதுவும் இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள். ஒரே எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம் என்றால் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை வேண்டாம், இன்ஸ்டாலர் தானாகக் காட்டும் இஎக்ஸ்டி4 போதும். போட்டு முடித்து அப்டேட் கொடுத்தால் 401 பிழை வரும். பயப்பட வேண்டாம். கட்டணச் சந்தாதாரர்களுக்கான ரெபாசிட்டரி (மென்பொருள் கிடங்கு) முதலில் இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். ரெபாசிட்டரிகள் பகுதியில் அதை நிறுத்திவிட்டு, சந்தா இல்லாதவர்களுக்கானதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விஎம் உருவாக்கும்போது டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் விர்ட்ஐஓ என்ற, விஎம்களுக்கென்றே உருவான சாதன வகையைத் தேர்ந்தெடுங்கள், வேகத்தில் வித்தியாசம் தெரியும். லினக்ஸில் அதற்கான டிரைவர் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸுக்குத் தனி ஐஎஸ்ஓ இணைத்து டிரைவரைக் கொடுக்காவிட்டால், இன்ஸ்டாலேஷனின்போது டிஸ்க்கே கண்ணில் படாது. ஒரே ஒரு மெஷின்தான் என்பதால் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று வைக்கலாம். டிஸ்க்கில் டிஸ்கார்டை இயக்குங்கள், இல்லையென்றால் உள்ளே அழித்த கோப்புகளின் இடம் வெளியே திரும்பி வராது. இது முக்கியம், ஏனென்றால் ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம் டிஸ்க்குகளை வைக்கும் எல்விஎம்-தின் என்ற சேமிப்பு முறை, இருக்கும் இடத்தைவிட அதிகமாக வாக்குக் கொடுக்க விடும். 200 ஜிபி பூலில் (மொத்தச் சேமிப்பிடத்தில்) 100 ஜிபி டிஸ்க் ஐந்து உருவாக்கினாலும் தடுக்காது. பூல் உண்மையிலேயே நிரம்பும் நாளில் விஎம்கள் எழுத முடியாமல் நிற்கும், கோப்பு முறையே சிதையவும் வாய்ப்பு உண்டு. வாரம் ஒருமுறை அந்தச் சதவீதத்தைப் பாருங்கள்.

பேக்கப் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையைப் பதிந்து வைப்பது) பேக்கப் அல்ல. அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, எஸ்எஸ்டி போனால் அதுவும் சேர்ந்து போகும். அப்டேட்டுக்கு முன் எடுத்துக்கொண்டு, சரியாக வந்ததும் அழிக்கத்தான் ஸ்னாப்ஷாட். பேக்கப் என்பது வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கை இணைத்து, டைரக்டரி ஸ்டோரேஜாகச் சேர்த்து, இரவில் தானாக எடுக்கும்படி ஜாப் போட்டுவிடுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரையும் படித்துப் பாருங்கள், மாறிய பகுதியை மட்டும் சேமிப்பதால் இடம் மிச்சம். ஆனால் அதை அதே மெஷினில் விஎம்மாகப் போட்டு அதே எஸ்எஸ்டியில் சேமித்தால் பாதுகாப்பு ஏதும் இல்லை.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, மீட்டெடுத்தும் பாருங்கள். வேறு விஎம் எண் கொடுத்து, 'யுனிக்' தேர்வை டிக் செய்து மீட்டெடுங்கள், அப்போது புது மேக் முகவரி கிடைக்கும். இயக்குவதற்கு முன் நெட்வொர்க் கார்டைத் துண்டித்துவிடுங்கள், பழைய விஎம்மோடு ஐபி மோதாது. உள்ளே போய் டேட்டாபேஸ் திறக்கிறதா, கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்டர்வியூவில் என்னிடம் வருபவர்களிடம் நான் கட்டாயம் கேட்பது இதைத்தான்: கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள்? இதற்கு விவரமாகப் பதில் சொல்பவர் உண்மையிலேயே வேலை பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். முடியாவிட்டால் டிஸ்க் கேஷை முதலில் இருக்கும் 'நோ கேஷ்' நிலையிலேயே விடுங்கள், வேகத்துக்கு ஆசைப்பட்டு மாற்ற வேண்டாம். பயாஸில் மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படியும், ஹோஸ்ட் பூட் ஆகும்போதே விஎம்களும் தொடங்கும்படியும் அமையுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்பி ரோட்டில் மலிவாக ரேக் சர்வர் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், அறைக்கு வேண்டாம். அதன் விசிறிச் சத்தத்தில் அறை நண்பர் தூங்க முடியாது. 100 வாட் இடைவிடாமல் இழுத்தால் மாதம் 72 யூனிட், 20 வாட் மினி டெஸ்க்டாப்புக்கு 15 யூனிட்கூட ஆகாது. பிஜி உரிமையாளரிடம் முன்பே சொல்லி வைப்பதும் மரியாதை. கையில் காசு சேர்ந்தால் அதே ரோட்டில் ரேம் வாங்குங்கள், முதல் பலன் அதில்தான்.

ஏனென்றால் எத்தனை விஎம் என்பதைத் தீர்மானிப்பது ரேம். சிபியுவைப் பல விஎம்கள் பகிர்ந்துகொள்ளும், ஒரே நேரத்தில் எல்லாம் முட்டி மோதுவது அபூர்வம். ரேமை அப்படி நீட்ட முடியாது. 16 ஜிபியில் ஹோஸ்டுக்கு 2 ஜிபி ஒதுக்குங்கள். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் விஎம்கள் நான்கு, ஆளுக்கு 2 ஜிபி. விண்டோஸ் சர்வர் ஒன்றுக்கு 4 ஜிபி. மீதி 2 ஜிபியில் டிஎன்எஸ் மாதிரி சின்ன வேலைகளுக்கு எல்எக்ஸ்சி கன்டெய்னர்கள் (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும் இலகுவான அமைப்புகள்), ஒவ்வொன்றுக்கும் 512 எம்பி தாராளம். ஆக ஐந்து விஎம், மூன்று கன்டெய்னர், 512 எம்பி கையிருப்பு. முதலில் இரண்டு டெபியன் விஎம்களோடு தொடங்குங்கள், ஒன்றில் வெப் சர்வர், மற்றதில் டேட்டாபேஸ். இரண்டும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியதும், அன்றைக்கே முதல் பேக்கப்பை எடுத்துவிடுங்கள். எங்காவது நின்றுவிட்டால் பிழைச் செய்தியைக் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.