பெயரில் கை வைக்காதீர்கள், தம்பி

டோக்கியோ வந்து ஒரு மாதம். அலுவலகத்தில் தரும் ஜிப் ஃபைலை ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் பிரித்தால் ஃபைல் பெயரெல்லாம் கிறுக்கலாக வருகிறது, வைரஸா என்று கேட்டிருக்கிறீர்கள். வைரஸ் இல்லை. இதற்கு இங்கே மொஜிபாகே என்று பெயர். மொஜி என்றால் எழுத்து, பாகே என்றால் உரு மாறுவது. பேய்க்கும் அந்த வேரிலிருந்துதான் பெயர்.

வீடு, சைவச் சாப்பாடு பற்றியும் கேட்டீர்கள். நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாய் பக்கம் போனால் மளிகை கிடைக்கும், மற்றது தானாகப் பழகிவிடும். இந்தக் கிறுக்கல்தான் வேலைக்கு உலை வைக்கும்.

கிறுக்கலைப் பார்த்ததும் பெயரை மாற்றாதீர்கள். 2002ல் வந்த புதிதில் நான் நாற்பது ஃபைலுக்கு ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்துப் பெருமையாகத் திருப்பி அனுப்பினேன். எது எந்த மாதக் கணக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் திட்டவில்லை, பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். அதுதான் திட்டு என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

ஜப்பானிய விண்டோஸ் பல நேரம் ஜிப்புக்குள் பெயரை ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானிய எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதும். எந்த முறை என்று குறித்து வைக்காது. உங்கள் விண்டோஸ் அதைத் தன் பழக்கப்படி வாசித்து உளறுகிறது. பிரித்ததைத் தூக்கிப் போடுங்கள், மூல ஜிப் பத்திரம். பேண்டிஸிப் என்ற மென்பொருளில் திறந்து கோட் பேஜை, அதாவது எழுத்து வாசிக்கும் முறையை, ஜப்பானீஸ் என்று மாற்றிவிட்டுப் பிரியுங்கள். மேக் என்றால் தி அன்ஆர்க்கைவர். தினமும் இதே பாடு என்றால் ரீஜன் அமைப்பில் சிஸ்டம் லொக்கேலையே ஜப்பானுக்கு மாற்றலாம். பக்கத்தில் யூடிஎஃப்-8 பீட்டா என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் வேண்டாம். லொக்கேலை மாற்றிய பிறகு ஃபோல்டர் பாதையில் சாய்கோடு வரவேண்டிய இடத்தில் யென் குறி தெரியும். பயப்படாதீர்கள்.

பத்து வருடம் இங்கே இருந்தும் 'ஃபைல் பெயரை இங்கிலீஷில் வையுங்கள்' என்று ஜப்பான்காரனுக்கே பாடம் எடுக்கும் நம்மவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நான் கட்டகனா என்ற ஜப்பானிய எழுத்து வகையைப் படித்ததே ஃபைல் பெயர்களைப் பார்த்துத்தான்.

நமக்கு மட்டும் இது புதிதா? நான் வந்த 2002லேயே அம்மாவுக்கு டிஸ்கி என்ற பழைய தமிழ் முறை எழுத்துருவில் மெயில் அனுப்பினேன். கும்பகோணத்து பிரவுசிங் சென்டரில் அந்த எழுத்துரு இல்லை. பையன் வந்ததை வந்தபடியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டான். கொம்பு முளைத்த எழுத்துகள் இரண்டு பக்கம். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறாள், 'பிள்ளை அதற்குள் ஜப்பான் பாஷையிலேயே எழுதுகிறான்' என்று.