லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: மகளுக்குக் கிளி வளர்க்க ஆசை. பச்சைக்கிளி வாங்கலாமா, லவ் பேர்ட்ஸ் வாங்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜிரிகர் (சுருக்கமாகப் பட்ஜி) என்ற சிறு கிளி. அதற்கு இந்தத் தடை இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 10 ஆண்டுகள் இருக்கும். குஞ்சாக வாங்கினால்தான் கைக்குச் சீக்கிரம் பழகும். பச்சை, நீல நிறக் குஞ்சுகளுக்கு நெற்றிக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருக்கும். 3, 4 மாதத்தில் அவை மறைந்துவிடும். வாலடி இறகில் எச்சம் ஒட்டியிருக்கும் பறவையை, எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கிண்ணம் நிறையத் தினை இருந்தது. ஆனாலும் ஒரு பறவை மெலிந்து செத்துப்போனது. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: கிண்ணத்தில் இருந்தது தினையா, உமியா? பட்ஜி ஒவ்வொரு தினையையும் அலகால் உரித்து, உள்ளிருப்பதை மட்டும் தின்னும். உமி அதே கிண்ணத்தில் விழும். மேலே பார்த்தால் நிறைந்த கிண்ணம், அடியில் ஒன்றுமே இருக்காது. 30, 40 கிராம் உடம்பு பட்டினி தாங்காது. காலையும் மாலையும் கிண்ணத்தை எடுத்து மெதுவாக ஊதுங்கள். உமி பறந்து, தின்ன மிச்சமிருப்பது தெரியும். ஒரு பறவைக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் தினை வேண்டும்.

நோயாகவும் இருந்திருக்கலாம். பறவை நோயை மறைக்கும். கிண்ணத்தருகே உட்கார்ந்து கொத்துவதுபோலக் காட்டும், விழுங்காது. அதனால் வாரம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள். 3, 4 கிராம் குறைந்தாலே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே போங்கள்.

தினை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொஞ்சம் வையுங்கள். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு. அவகாடோ, சாக்லேட், ஆப்பிள் விதை ஆகாது.

கேள்வி: கூண்டோடு கடைக்காரர் மண்பானையும் கொடுத்தார். கட்டலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லையென்றால் கட்டாதீர்கள். பானையைக் கண்டாலே பெண் பறவை முட்டையிடத் தயாராகும். ஒரு வயதாகாத பறவைக்கும் கால்சியம் குறைந்த பறவைக்கும் முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போகலாம். தூங்குவதற்குப் பானை தேவையில்லை, கம்பி மேல்தான் தூங்கும். வழவழப்பான பிளாஸ்டிக் கம்பியில் எப்போதும் நின்றால் பாதம் புண்ணாகும். விரல் பருமனுக்குக் கொய்யாக் கிளை வெட்டிக் கட்டுங்கள். ஜோடிக்கு இரண்டரை அடி நீளக் கூண்டு வேண்டும், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் கூடாது.

கேள்வி: கூண்டை எங்கே வைப்பது?
– வாசகர், சேலம்

பதில்: சமையலறையிலும் அதை ஒட்டியும் வேண்டாம். அடுப்பில் மறந்துபோன நான்ஸ்டிக் தவாவின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது.