பழைய சைக்கிளுக்கு எந்தச் சாமான் சேரும்? கேள்வி பதில்

கோபியிலிருந்து: அப்புச்சி ஓட்டின இங்கிலாந்து ராலே சைக்கிளுங்ணா. கம்பி பிரேக்கு, மூணு கியரு. எந்த வருஷத்துச் சாமான் தேடறதுங்?

பின் சக்கரத்து நடு உருளையை, அதான் ஹப்பை, மண்ணெண்ணெய்த் துணியில துடைங்க தம்பி. மூணு கியரும் உள்ளயே இருக்கிற ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி ஏடபிள்யூ ஹப்பா இருந்தா, பேருக்குப் பக்கத்துல '58 3' மாதிரி அடிச்சிருக்கும். 1958 மார்ச்சுல செஞ்ச ஹப்புன்னு அர்த்தம். வண்டி அதுக்குச் சில மாசம் தள்ளி வந்திருக்கும். நடுவுல யாராவது பின் சக்கரம் மாத்தியிருந்தா இந்தக் கணக்குத் தப்பிடும், அதனால முன் ரிம்மும் பின் ரிம்மும் ஒரே சாதியான்னு பாத்துக்கங்க. ஹப் மேல இருக்கிற சின்ன மூடி வழியா மெல்லிசு ஆயில்தான் விடணும். உள்ள கிரீஸைத் திணிச்சா ஸ்பிரிங்குல எழும்பற கொக்கிகள் ஒட்டிக்கிட்டு கியர் வழுக்கும்.

தாராபுரத்திலிருந்து: எங்களுதும் கம்பி பிரேக்கு ராலேதானுங். ரிம் துருப்பிடிச்சிருச்சுங். புது ரிம்முல 36 ஓட்டை இருக்குது. போடலாமுங்களா?

ஆகாதுங்க. இந்த வண்டிக்கு முன்னாடி 32, பின்னாடி 40 ஸ்போக். டயர் 28 x 1½, ரிம் அளவு 635 மில்லிமீட்டர். கம்பி பிரேக்குக் கட்டை ரிம்மோட உள்பக்கத்தைக் கீழிருந்து மேல இழுத்துப் புடிக்கும். பக்கச்சுவர்ல புடிக்கிற ரிம் இதுக்கு உதவாது. நம்மூரு ரோட்ஸ்டர் ரிம் இதே அளவுல இன்னும் புதுசா வருது. வீல் பெண்டு எடுக்கறவருகிட்ட மேல்கீழ் ஆட்டத்தை முதல்ல எடுக்கச் சொல்லுங்க. அது இருந்தா பிரேக்கு ஒவ்வொரு சுத்துக்கும் விட்டுவிட்டுத்தான் புடிக்கும்.

துரு மேலாப்புலதானா இருந்தா பழைய ரிம்மையே காப்பாத்தலாம். லிட்டர் தண்ணிக்கு 30 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட், ராத்திரி பூரா ஊறட்டும். கையுறை கட்டாயம். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணியில அலசி, உடனே காயவெச்சு எண்ணெய் தடவுங்க. ஸ்போக் ஓட்டையச் சுத்திக் கம்பியால குத்தினா தகடு உதிருதா? அந்த ரிம்மை ஓட்டறதுக்கு வெக்காதீங்க.

பொள்ளாச்சி அம்மணி: ராலேயில கிராங்கை, அதான் பெடல் கையை, அச்சோட புடிக்கிற புதுக் கோட்டர் பின் போட்டும் பெடல் 'டக் டக்'குங்குதுங்ணா.

பின்னு தடிமனை அளந்தீங்களா அம்மணி? ராலேக்கு 9.5 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டர் பின்னும் கடையில கிடைக்கும், அது ஆடும். அப்புறம், நட்டை முடுக்கிப் பின்னை உள்ள இழுக்கக் கூடாதுங்க, மரை போயிரும். கிராங்குக்கு அடியில கனமான இரும்புக் குழாயை முட்டுக் குடுத்து, சுத்தியலால இறுக்கி அடிச்சப்புறம் நட்டு போடணும். அடியில முட்டு இல்லாம அடிச்சா அடி பூரா அச்சைத் தாங்கற பால்ஸ் மேல எறங்கி, பால்ஸ் ஓடற கப்புல குழி விழும். ரெண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில நுழையணும். ஒரே பக்கமா அடிச்சா கிராங்கு ரெண்டும் நேர்கோட்டுல நிக்காது.

சரவணம்பட்டியிலிருந்து: 1970கள்ல வந்த இங்கிலீஷ் ரேஸ் சைக்கிள், 27 x 1¼ டயர், அஞ்சு பல்சக்கரம். இப்பத்த ரேஸ் சைக்கிள் அளவான 700சி சக்கரமும், நெம்புகோல் ஒவ்வொரு கியருக்கும் 'கிளிக்'குனு நிக்கிற கிளிக் கியரும் போடலாமாங்?

700சி சக்கரம் போட்டா ரிம் 4 மில்லிமீட்டர் கீழ எறங்கும். பிரேக்குக் கட்டையை அவ்வளவு எறக்க எடம் இருந்தாப் போடலாம். கிளிக் கியர் வேண்டாம். அது பரவலானதே 1980களோட நடுவுலதான். அந்த ஃபிரேமுல பின் ஃபோர்க்கு நடு அகலம் வழக்கமா 120 மில்லிமீட்டர், புது ஹப்பு 130. விரிச்சுத் திணிக்கறதைவிட அஞ்சு பல்லு ஃப்ரீவீலும் கிளிக் இல்லாத கியர் நெம்புகோலும்தான் அந்த வண்டிக்குப் பொருத்தம்.

ஈரோட்டிலிருந்து: ராலே கிராங்கு கப்பு தேஞ்சிருச்சு. கோயமுத்தூர் லேத்துல கடைஞ்சு வாங்கலாமுங்களா?

மரை சரியா வெட்டிருவாங்க: இங்கிலாந்து நாட்டிங்காம்ல செஞ்ச ராலேக்கு அங்குலத்துக்கு 26 மரை, மத்த இங்கிலீஷ் வண்டிக்கு 24. ஆனா கப்பை டெம்பர் பண்ணாம, அதாவது காய்ச்சிக் கெட்டிப்படுத்தாம வாங்கினா பால்ஸ் ஓடற தடத்துல சீக்கிரமே குழி விழும். கழட்டறப்போ செயின் பக்கத்துக் கப்பு எதிர் மரைங்க, வலப்பக்கமாத் திருப்பினாத்தான் கழலும். பால்ஸ் கால் இன்ச், பக்கத்துக்கு 11.