அயற்கூற்றும் இஃப் கிளாஸும்: உங்கள் கேள்விகள், டீச்சரின் பதில்கள்

டீச்சர், "ஐ ஆம் கமிங்" என்று ஒருவன் சொன்னதை அயற்கூற்றாக, அதாவது அவன் சொன்னதை நாம் எடுத்துச் சொல்வதாக மாற்றும்போது, "ஹி செட் தட் ஹி இஸ் கமிங்" என்று எழுதியதற்கு மார்க் போய்விட்டது. அர்த்தம் புரியத்தானே செய்கிறது? (பத்தாம் வகுப்பு மாணவி)

புரியும்மா. அவன் இன்னும் வழியில்தான் இருக்கிறான் என்றால் பேச்சில் அப்படிச் சொல்வதும் உண்டு. ஆனால் தேர்வில் "ஹி வாஸ் கமிங்" என்றுதான் எதிர்பார்ப்பார்கள். தமிழில் "வருகிறேன் என்று சொன்னான்" என்னும்போது, அவன் சொன்ன "வருகிறேன்" அப்படியே நிற்கிறது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் உள்ளே இருக்கும் வினையைத் தொடாமல் விட்டுவிடுகிறோம்.

எப்போதும் இந்த வரிசையில் செய். முதலில் வெளியே இருக்கும் வினையைப் பார். "செஸ்" என்று நிகழ்காலத்தில் இருந்தால் காலத்தை மாற்ற வேண்டாம். "செட்" என்றால் உள்ளே இருப்பது ஒரு படி பின்னால் போகும்: "ஆம், இஸ்" இரண்டும் "வாஸ்" ஆகும், "ஹேவ்" "ஹேட்" ஆகும், "வில்" "வுட்" ஆகும், "கேன்" "குட்" ஆகும், "வென்ட்" "ஹேட் கான்" ஆகும். "வுட், ஷுட், மைட்" இவற்றுக்குப் பின்னால் போக இடமில்லை, அப்படியே விடு. பூமி சூரியனைச் சுற்றுகிறது போன்ற பொது உண்மைகளையும் மாற்றத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஆட்களை மாற்று, கடைசியில் நேரச் சொற்களை மாற்று.

ஒன்றைச் செய்து பார்ப்போம். ரவி மீனாவிடம், "ஐ வில் கிவ் யூ மை புக் டுமாரோ" என்கிறான். "ரவி டோல்ட் மீனா தட் ஹி வுட் கிவ் ஹெர் ஹிஸ் புக் த நெக்ஸ்ட் டே." ஐந்து இடங்கள் மாறியிருக்கின்றன. பெரும்பாலானவர்கள் "வில்"லைச் சரியாக மாற்றிவிட்டு "மை"யில் கோட்டைவிடுவார்கள். எழுதி முடித்ததும் ஐ, மை, யூ, யுவர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இருந்தால் அது யாரைக் குறிக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடு.

கேள்வி வாக்கியத்தை மாற்றும்போதுதான் குழம்புகிறது. "ஹி ஆஸ்க்ட் மி வேர் டிட் ஐ லிவ்" சரியா?

இல்லை. "ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்ட்." அயற்கூற்றுக்குள் போனதும் அது கேள்வியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதனால் "டு, டஸ், டிட்" மூன்றும் வெளியேறும், எழுவாய் வினைக்கு முன்னால் வரும், கேள்விக்குறி போய் முற்றுப்புள்ளி வரும். நீங்கள் எழுதிய "டிட்" போகும்போது அதன் காலத்தை அடுத்த வினையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. அதனால்தான் "லிவ்", "லிவ்ட்" ஆகிறது.

வேர், வென், ஒய் போன்ற வினாச்சொல் இருந்தால் அதையே இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், "தட்" சேர்க்காதீர்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் "இஃப்" அல்லது "வெதர்" போடுங்கள்: "ஹி ஆஸ்க்ட் மி இஃப் ஐ வாஸ் ரெடி."

ஆபீஸில் "மேனேஜர் டோல்ட் டு மி" என்று சொன்னேன். திருத்தினார்கள். ஏன்?

"என்னிடம் சொன்னார்" என்பதில் இருக்கும் "இடம்" அங்கே "டு"வாக நுழைந்துவிட்டது. "செட் டு மி" சரி, "டோல்ட் மி" சரி, "ஆஸ்க்ட் மி" சரி. டோல்ட், ஆஸ்க்ட் இரண்டுக்கும் ஆளுக்கு முன் "டு" வராது. செய்யச் சொன்ன வேலைக்கு முன்னால்தான் அது வரும்: "ஹி டோல்ட் மி டு வெயிட்." செய்யாதே என்றால் "நாட் டு வெயிட்". "டோல்ட் மி டு டோன்ட் வெயிட்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அது தவறு.

இஃப் கிளாஸில், அதாவது "இஃப்" என்று தொடங்கும் பாதியில், ஏன் "வில்" போடக்கூடாது? நாளைக்கு நடக்கப்போவதுதானே? (வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்)

நாளை நடப்பதுதான். ஆனால் எதிர்காலத்தைச் சொல்லும் வேலையை மற்றப் பாதியே செய்துவிடுகிறது. "இஃப் இட் ரெயின்ஸ், வி வில் ஸ்டே அட் ஹோம்." தமிழிலும் "பெய்தால்" என்பதற்குக் காலம் கிடையாது, "இருப்போம்"தான் காலம் காட்டுகிறது. அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், "வில்" தானாக விலகிவிடும். தயவுசெய்து என்ற பொருளில் "இஃப் யூ வில் வெயிட் எ மினிட்" என்பது மட்டும் உண்டு. அது வேண்டுகோள்.

"அன்லெஸ்"ஸுக்குள்ளேயே "இல்லாவிட்டால்" இருக்கிறது. அதோடு இன்னொரு "டோன்ட்" சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

இஃப் வாக்கியங்களை டைப் 1, 2, 3 என்று பிரிக்கிறார்களே, அதில் டைப் 2, டைப் 3 வித்தியாசம் பிடிபடவே இல்லை டீச்சர்.

டைப் 3 நமக்குக் கடினமாகவே இருக்கக்கூடாது. "நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்." இந்த "இருந்தால், இருப்பேன்" ஜோடியை அப்படியே "ஹேட்", "வுட் ஹேவ்" ஜோடியாக வைத்துக்கொள்ளலாம்: "இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கம்." இரண்டு "ஹேட்" வருவதைப் பார்த்துப் பயந்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் "இருந்தது". "இஃப்" பக்கத்தில் "வுட் ஹேவ்" போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

நமக்கு உண்மையான சிக்கல் டைப் 2-இல்தான். "நேரம் இருந்தால் வருவேன்" என்று தமிழில் ஒரே வாக்கியம். நேரம் கிடைக்கலாம் என்றாலும் அதுதான், கிடைக்காது என்று தெரிந்து சொன்னாலும் அதுதான். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. எழுதுவதற்கு முன் வாக்கியத்தின் முடிவில் "ஆனால் இல்லையே" என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தவில்லை, வாய்ப்பு இருக்கிறது என்றால் டைப் 1: "இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்." பொருந்தினால் டைப் 2: "இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்." இங்கே "ஹேட்" நேற்றைச் சொல்லவில்லை, நடப்பிலிருந்து விலகியிருப்பதைச் சொல்கிறது. "ஆனால் நடக்கவில்லையே" என்று முடிந்துபோன ஒன்றுக்குப் பொருந்தினால் டைப் 3.

இஃப் வாக்கியத்தையே அயற்கூற்றாக மாற்றச் சொன்னால்?

நல்ல கேள்வி, இரண்டு பாடமும் இங்கே சந்திக்கின்றன. டைப் 1-ஐ மாற்றினால் பார்வைக்கு டைப் 2 போல ஆகிவிடும். "இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்" என்று அவள் சொன்னால், "ஷி செட் தட் இஃப் இட் ரெயின்ட், ஷி வுட் நாட் கம்." இரண்டு வினையும் ஒரு படி பின்னால். டைப் 2, டைப் 3 இரண்டிலும் வினைகளைத் தொடாமல் ஆட்களையும் நேரச் சொற்களையும் மட்டும் மாற்றினால் போதும்.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய வழி சொல்லுங்கள்.

ஒரு பேட்டியிலிருந்து ஐந்து வரிகள் எடுங்கள். அவற்றில் குறைந்தது ஒன்று கேள்வியாகவும், குறைந்தது ஒன்று "வில்" உள்ளதாகவும் இருக்கட்டும். அயற்கூற்றாக மாற்றி நோட்டில் எழுதி, மூலத்தை மூடிவிடுங்கள். மறுநாள் உங்கள் நோட்டை மட்டும் வைத்து நேர்க்கூற்றுக்குத் திருப்புங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். திருப்பும்போதுதான் ஓட்டை தெரியும், ஒருவழியாகவே செய்தால் பட்டியல்தான் மனப்பாடமாகும். ஒரு எச்சரிக்கை: "ஹேட் கான்" என்பது "வென்ட்" ஆகவும் திரும்பலாம், "ஹேஸ் கான்" ஆகவும் திரும்பலாம். மூலத்தில் வேறு இருந்தால் அதைத் தவறென்று அடிக்க வேண்டாம்.

இஃப் கிளாஸுக்கு ஒரே செய்தியை மூன்று வகையாக எழுதுங்கள். பஸ் தவறுவதை எடுத்துக்கொள்ளுங்கள்: நாளை தவறினால், தவறாது என்று தெரிந்தும் ஒரு பேச்சுக்குத் தவறினால், நேற்றுத் தவறியிருந்தால். வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள்.

"இஃப் ஐ வாஸ் யூ" என்கிறார்களே, சரியா?

பேச்சில் கேட்கலாம். தேர்விலும் கடிதத்திலும் "இஃப் ஐ வேர் யூ" என்றே எழுதுங்கள்.