ஒரு துண்டு நிலத்தை வைத்து மூன்று சட்டங்களைப் படிப்பது

கேள்வி: சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். அரசமைப்புச் சட்டம், குற்றவியல் சட்டம், சொத்துச் சட்டம் ஆகிய மூன்றின் அடிப்படைகளையும் குழப்பமில்லாமல் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகத் தொடங்காமல், ஒரு துண்டு நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்த நிலம் யாருடையது என்று கேட்டால் பதில் சொத்துச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் செய்த செயலுக்குத் தண்டனை உண்டா என்று கேட்டால் அது குற்றவியல் சட்டம். அரசே வந்து எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டால் அரசமைப்புச் சட்டம். கீழமை நீதிமன்றங்களில் வழக்கறிஞராக இருக்கும் நான் அன்றாடம் காணும் குழப்பங்களில் பெரும்பாலானவை, ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு சட்டத்தில் தேடுவதால் வருபவையே.

எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. நான் பள்ளியில் படித்தபோது, பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் வயலின் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு, வரப்பில் நின்ற இரண்டு வேப்பமரங்களையும் வெட்டி ஏற்றிச் சென்றுவிட்டார். என் தந்தை காவல் நிலையத்துக்குப் போய், "நிலத்தைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுத்தார். மனு ரசீது ஒன்றைக் கொடுத்து, உரிமையியல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் அதைத் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே கடைசிவரை எண்ணினார். அந்தப் பதிலில் பாதி சரி என்பது சட்டம் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

திருட்டு என்பதற்குச் சட்டம் தரும் இலக்கணத்தைப் பாருங்கள். ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்துவதுதான் திருட்டு. நிலம் அசையாச் சொத்து ஆகையால் அதைத் திருட முடியாது. மண்ணோடு பிணைந்து நிற்கும்வரை மரமும் அப்படித்தான். ஆனால் வெட்டி மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் கணமே அது அசையும் பொருளாகிவிடுகிறது, திருட்டுக்கும் உரியதாகிவிடுகிறது. ஆக, என் தந்தை நிலத்துக்காக அல்ல, மரத்துக்காகப் புகார் எழுதியிருக்க வேண்டும். அப்போதும், "மரம் என் எல்லைக்குள் நின்றது" என்று எதிர்த்தரப்பு உண்மையாகவே நம்பிச் சொன்னால் நேர்மையற்ற எண்ணம் என்ற கூறு ஆட்டம் கண்டுவிடும். எல்லை எது என்ற கேள்வி மறுபடியும் உரிமையியல் நீதிமன்றத்துக்கே வந்து சேரும். குற்றம் என்பது செயல் மட்டுமன்று, செயலோடு சேர்ந்த எண்ணமும் ஆகும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏமாற்றுதல் குற்றமும் இதே தடத்தில்தான் செல்கிறது. நிலம் தருவதாக முன்பணம் வாங்கியவர் பிறகு மறுத்தால், அது ஒப்பந்த மீறலாக இருக்கலாம். வாக்குக் கொடுத்த தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால்தான் அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 420 என்று ஊரே அறிந்திருந்த பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஆக இருக்கிறது. புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டப்படியே தண்டனை என்பதால், இரண்டு எண்களையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். செயல் நடந்த காலத்தில் நடப்பில் இருந்த சட்டத்தை மீறியிருந்தாலன்றி ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று அரசமைப்பின் உறுப்பு 20(1) சொல்வதையும் இங்கேயே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி, நிலம் யாருடையது என்ற கேள்வி. "பட்டா என் பேரில் இருக்கிறது" என்று சொல்லாத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு; அது ஒரு சான்றாக உதவுமே தவிர, உரிமையை உருவாக்குவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 54இன்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே நிறைவேறும். வெறும் கிரய உடன்படிக்கை தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் தருவதில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்து விற்பது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் 2011இல் தீர்ப்பளித்ததும் இதன் தொடர்ச்சிதான். மறுபுறம், உரிமையாளர் உறங்கிக் கிடந்தாலும் சட்டம் காத்துக்கொண்டிருப்பதில்லை. தனியார் நிலத்தில் ஒருவர் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் உரிமையாளருக்கு எதிராகவும் 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், உரிமையாளர் வழக்குத் தொடரும் வழியையே இழக்க நேரிடும். வரப்புத் தகராறு பின்னர் உரிமையியல் வழக்கானபோது, நீதிமன்றம் ஆணையர் ஒருவரை நியமித்து, நில அளவையரோடு சென்று அளந்து அறிக்கை தரச் சொன்னது. அந்த அறிக்கையும் தாத்தாவின் கிரயப் பத்திரமுமே கடைசியில் எங்களுக்குத் துணை நின்றன.

அரசமைப்புச் சட்டத்தை நிலத்தின் வழியே படிக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் நடந்த பெரிய போராட்டம் நிலத்தைச் சுற்றியே நடந்தது. 1950இல் சொத்துரிமை, உறுப்புகள் 19(1)(எஃப்), 31 ஆகியவற்றின் கீழ் அடிப்படை உரிமையாக இருந்தது. ஜமீன்தாரி ஒழிப்புக்காகப் பீகார் இயற்றிய சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் செல்லாது என்றது. அடுத்த சில மாதங்களில் முதலாவது திருத்தம் வந்து, 31ஏ, 31பி ஆகிய உறுப்புகளையும், நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குக் கவசமாக, அடிப்படை உரிமைகளை மீறுகின்றன என்று சொல்லி எதிர்க்க முடியாத சட்டங்களின் பட்டியலான ஒன்பதாவது அட்டவணையையும் சேர்த்தது. பஞ்சாபில் ஒரு குடும்பத்தின் நிலம் பற்றிய கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளைத் திருத்தத்தாலும் பறிக்க முடியாது என்று 1967இல் ஆறுக்கு ஐந்து என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கூறியது. காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, 13 நீதிபதிகள் முன் 68 நாள்கள் நடந்து, 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பானது. அரசமைப்பின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற கோட்பாடு ஏழுக்கு ஆறு என்ற மெல்லிய பெரும்பான்மையில் பிறந்தது. ஒரு மடத்தின் நிலத்துக்காகத் தொடங்கிய வழக்குதான் இன்று நம் வாக்குரிமைக்கும் நீதித்துறையின் சுதந்திரத்துக்கும் அரணாக நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கேசவானந்த பாரதி தீர்ப்பின் தேதிக்குப் பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த சட்டங்களும் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டின்படி ஆய்வுக்கு உட்பட்டவை என்று 2007இல் முடிவு செய்த கொயல்ஹோ வழக்கு, நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜன்ம நிலங்களிலிருந்து (பரம்பரை நில உடைமையாளர்களின் நிலங்களிலிருந்து) சென்றது.

சொத்துரிமை மட்டும் அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து இறங்கிவிட்டது. 1978இன் 44ஆவது திருத்தம் அதை நீக்கி, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற உறுப்பு 300ஏ ஆக வைத்தது. இதை மட்டும் காரணம் காட்டி, அடிப்படை உரிமைகளுக்காக உள்ள உறுப்பு 32இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு நேரே செல்ல இயலாது. உறுப்பு 226இன் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உரிமை பலவீனமாகிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முன்னறிவிப்பு, ஆட்சேபணை கேட்டல், காரணம் கூறும் முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு போன்ற ஏழு கூறுகள் 300ஏவுக்குள் அடங்கியிருப்பதாக 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் விளக்கியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

அடுத்த விடுமுறையில் வீட்டிலிருக்கும் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்து முழுவதும் படியுங்கள். எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது, செக்குபந்தியில் (எல்லை விவரத்தில்) நான்கு பக்கமும் யார் இருக்கிறார்கள், தாய்ப்பத்திரத்தின் (இதற்கு முந்தைய உரிமைப் பத்திரத்தின்) எண் என்ன என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு காரணம் என்று தேடுங்கள். விளங்காத வரியை இங்கே எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன்.