கன்னத்தில் வெள்ளைத் திட்டு: பயாப்ஸிக்குத் தயங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. பல ஆண்டுகளாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறார். வலது கன்னத்தின் உட்புறம் நான்கு மாதங்களாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. வலி இல்லை. பல் மருத்துவர் பயாப்ஸி செய்யச் சொல்கிறார். ‘கத்தி பட்டால் பரவிவிடும், வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெரியப்பா தடுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, விருதுநகர்

பதில்: தள்ளிப்போடாமல் இந்த வாரமே பயாப்ஸி செய்துவிடுங்கள், அம்மா. கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தாலேயே நோய் முற்றியபின் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் சதையைப் பரிசோதனைக்கு எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். அவ்வளவுதான். இதனால் புற்றுநோய் பரவாது. வலி வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு; வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

வெள்ளைத் திட்டு எல்லாம் புற்றுநோய் அல்ல. கூரான பல் உரசியும் வரும். பூஞ்சைத் தொற்று என்றால் துடைத்தாலே பெரும்பாலும் உரிந்து வந்துவிடும். துடைத்தாலும் போகாத, வேறு காரணமும் புலப்படாத திட்டைத்தான் லூக்கோபிளேக்கியா என்கிறோம். அதற்குள் செல்கள் எப்படி இருக்கின்றன என்பதை எவ்வளவு அனுபவசாலியாலும் வெறுங்கண்ணால் சொல்ல முடியாது.

செல்களில் மாற்றம் இல்லை, அல்லது லேசான மாற்றம்தான் என்று முடிவு வந்தால், புகையிலையையும் பாக்கையும் அடியோடு விட்டுவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை காட்டி வந்தால் பெரும்பாலும் போதும். மாற்றம் கடுமையாக இருந்தால் திட்டை முழுவதுமாக வெட்டி எடுப்பார்கள். ஒருவேளை புற்றுநோயே என்றாலும், 2 செ.மீ.க்குள், 5 மி.மீ. ஆழத்துக்குள், கழுத்து நெறிக்கட்டுக்கு (நிணநீர் முடிச்சுக்கு) பரவாமல் இருந்தால் அது முதல் நிலை. பலருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே போதும். கழுத்து நெறிக்கட்டுகளையும் அப்போதே எடுப்பதா என்ற கேள்விக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் விடை தந்தது. தொடக்க நிலையில் முதல் அறுவையிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். நெறி கட்டியபின் எடுக்கலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம்.

முற்றியபின் கண்டுபிடித்தால் தாடை எலும்பின் ஒரு பகுதியையே எடுத்துவிட்டு, வேறு இடத்துச் சதையை வைத்துத் தைக்க நேரலாம். பிறகு கதிர்வீச்சு, சிலருக்குக் கூடவே கீமோதெரபி. கதிர்வீச்சால் உமிழ்நீர் வற்றும், பற்கள் விரைவில் சொத்தையாகும். அதன்பின் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் தாடை எலும்பே அழுகிப்போகக்கூடும். அதனால்தான் காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே எடுத்துவிடுகிறோம். நோயைத் தொடக்கத்திலேயே பிடித்தால் பலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. வெளிச்சத்தில் வாயைப் பார்த்ததற்கே இந்தப் பலன்.

இன்னொன்றும் பாருங்கள். அப்பாவால் தன் மூன்று விரல்களை நெட்டுவாக்கில் பற்களுக்கு இடையே நுழைக்க முடிகிறதா? முடியாவிட்டாலோ, காரம் பட்டதும் வாய் எரிந்தாலோ, பாக்கினால் வாயின் உட்தசை இறுகத் தொடங்கியிருக்கலாம்; அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு போடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வெளியிட்டுவிட்டது.

செலவை நினைத்துத் தயங்கினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் உண்டு. அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பெரியப்பாவையும் உடன் அழைத்துப் போங்கள். அவருடைய சந்தேகங்களை மருத்துவரிடமே நேரில் கேட்கட்டும்.