பாட்டிலுக்குப் பதில் பெட்டி ஒயின் வாங்குவது உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

ஆமாம், பெரும்பாலான வீடுகளுக்கு நல்லதுதான். பெட்டி ஒயின் என்றால், ஒயினைப் பையில் அடைத்து, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஊற்றக் குழாயோடு விற்பது. பெட்டிக்குள்ளே பிளாஸ்டிக் பை இருக்கிறதே, கண்ணாடியையாவது மறுசுழற்சி செய்யலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தால் பெட்டிதான் ஜெயிக்கிறது, அதுவும் நல்ல வித்தியாசத்தில். முக்கியமான காரணம் எடை.

நான் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் அடிலெய்டில் இருக்கிறேன். படிக்கும் காலத்தில் இங்கே ஒரு மதுக்கடையில் அலமாரி அடுக்கும் பகுதிநேர வேலை பார்த்தேன். பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஓர் அட்டைப்பெட்டியில் இருப்பது 9 லிட்டர் ஒயின். தூக்கினால் 15 கிலோ இருக்கும். அதே 9 லிட்டர், மூன்று லிட்டர் பெட்டி மூன்றாக வந்தால் பத்து கிலோவை ஒட்டித்தான் வரும். மீதி ஐந்து கிலோவும் வெறும் கண்ணாடி. சாதாரண பாட்டிலே காலியாக இருக்கும்போது அரை கிலோ. விலை கூடிய சிவப்பு ஒயின்கள் சிலவற்றின் பாட்டில் தடித்துக் கனமாக இருக்குமே, அது 800, 900 கிராம் வரை போகும். அந்தக் கனத்தால் உள்ளே இருக்கும் ஒயினுக்கு ஒரு பயனும் இல்லை. கையில் எடுப்பவருக்கு உசத்தியாகத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கண்ணாடி எப்படி வருகிறது என்று பாருங்கள். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் மூன்றையும் 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி உருக்க வேண்டும். உலையை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது, வருடக்கணக்கில் இரவு பகலாக எரியும், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில். போதாததற்கு, சுண்ணாம்புக்கல்லும் சோடா சாம்பலும் உருகும்போதே கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகின்றன. சரி, பழைய கண்ணாடியை உருக்கினால்? கொஞ்சம் மிச்சம்தான். உடைந்த கண்ணாடியை 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தால் உலையின் எரிசக்தி 3 சதவீதத்துக்குள்தான் குறையும். மறுசுழற்சித் தொட்டியில் போட்ட பாட்டில் கழுவி மறுபடி வருகிறது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, அது உடைபட்டு மறுபடியும் உலைக்குத்தான் போகிறது.

அப்புறம் போக்குவரத்து. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறும் ஒயினில் பாதிக்கு மேல் பாட்டிலிலேயே போவதில்லை. 20 அடி கன்டெய்னருக்குள் ராட்சதப் பை ஒன்றை விரித்து, அதில் 24,000 லிட்டர் நிரப்பி அனுப்புகிறார்கள். போய்ச் சேரும் நாட்டில் பாட்டிலிலோ பெட்டியிலோ அடைத்துக்கொள்வார்கள். பாட்டிலாகவே அடுக்கினால் அதே கன்டெய்னரில் அதில் பாதிகூடக் கொள்ளாது. கடையில் "ஒரிஜினல் பாட்டில்" என்று பார்த்துப் பார்த்து வாங்கும் பலர், பையில் கடல் தாண்டி வந்த ஒயினைத்தான் வாங்குகிறார்கள்.

பெட்டி ஒயின் என்றாலே தரம் மட்டம் என்ற கேலி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பெட்டி ஒயின் பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். மரி ஆற்றங்கரையில் ரென்மார்க் என்ற ஊரில் தாமஸ் ஆங்கோவ் என்ற ஒயின் தயாரிப்பாளர் 1965-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது குழாய் கிடையாது. பையின் மூலையைக் கத்தரித்து ஊற்றிவிட்டு, மறுபடி கிளிப் போட்டு மூட வேண்டும். ஓரிரு வருடத்தில் குழாய் வந்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் கம்பெனிகள் மலிவான ஒயினை மட்டுமே அதில் அடைத்தன, பெயர் கெட்டது. அது அடைத்தவர்கள் செய்த முடிவு. பையின் குறை இல்லை. ஸ்வீடனிலும் நார்வேயிலும் விற்கும் ஒயினில் பெரும் பங்கு பெட்டியில்தான் போகிறது, அங்கே யாரும் அதை மட்டமாகப் பார்ப்பதில்லை.

பையின் சாமர்த்தியம் அந்தக் குழாயில் இருக்கிறது. ஒயின் வெளியே வர வர பை சுருங்கிக்கொண்டே போகும், காற்று உள்ளே நுழையாது. திறந்த பாட்டில் இரண்டு மூன்று நாளில் புளிப்புத் தட்ட ஆரம்பிக்கும். பெட்டி நான்கிலிருந்து ஆறு வாரம் தாங்கும். பாதி பாட்டிலைத் தொட்டியில் கொட்டும் வீடுகளில் இதுவே பெரிய மிச்சம். திராட்சை வளர்த்த தண்ணீர், உரம், டீசல் எல்லாம் சேர்ந்துதானே அதோடு வடிகாலில் போகிறது.

பையின் உண்மையான பலவீனம் கடைசியில் வருகிறது. அது உலோகப் பூச்சும் பல அடுக்கும் கொண்ட பிளாஸ்டிக், பிரித்தெடுக்க முடியாது. இங்கே கடைகளில் பை, உறை போன்ற மென்பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்காகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்த திட்டம் 2022 நவம்பரில் நின்றுபோனது. ஆக, அட்டை மறுசுழற்சிக்கும் பை பெரும்பாலும் குப்பைக்கும் போகிறது. இதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது, நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் குப்பைக்குப் போகும் அந்த ஒரு பை, நான்கு பாட்டில்களுக்கு ஈடு. சில பத்து கிராம் பிளாஸ்டிக்கை இரண்டு கிலோ கண்ணாடியோடு வைத்துப் பாருங்கள்.

கழுவித் திரும்ப நிரப்பும் பாட்டில் பக்கத்திலேயே கிடைத்தால் இந்த வாதமே வேறு. நம் ஊர் சோடா பாட்டில் அப்படித்தான் சுற்றியது. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் ஒரு லிட்டர் ஒயின் பாட்டிலை இன்னும் திருப்பி வாங்கி நிரப்புகிறார்கள். கிடைத்தால் தயங்காமல் அதை எடுங்கள். நான் பெட்டியோடு ஒப்பிடுவது ஒரு ராத்திரிக்குப் பிறகு தூக்கிப் போடும் பாட்டிலை.

பெட்டி எல்லாருக்கும் பொருந்தாது. பத்து வருடம் வைத்துக் குடிக்கும் ஒயினுக்குக் கண்ணாடிதான் வேண்டும். பையின் பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் மெல்ல மெல்லக் கசியும், வெயில் பட்டால் இன்னும் வேகமாக. மாதத்துக்கு இரண்டு டம்ளர் மட்டும் குடிப்பவர் மூன்று லிட்டர் வாங்கினால் வீண்தான். திருகு மூடி போட்ட, எடை குறைந்த பாட்டில் ஒன்று போதும். குழாயைத் திருகினால் வந்துகொண்டே இருப்பதால் எவ்வளவு குடித்தோம் என்பதும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் குடியைக் கட்டுப்படுத்த யாராவது போராடிக்கொண்டிருந்தால் பெட்டியை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். கார்பனைவிட அது முக்கியம்.

மற்றவர்கள், வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். அடைத்து ஆறேழு மாதத்துக்குள் இருப்பதாக எடுங்கள், கடையில் ஜன்னலோரம் வெயிலில் நின்ற பெட்டி வேண்டாம். வெள்ளையோ சிவப்போ, திறந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பை ஊற்றிக் கால் மணி நேரம் வெளியே விட்டால் சரியாகிவிடும். குழாயில் சொட்டுவது நின்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அட்டையைப் பிரித்துப் பையை வெளியே எடுத்து, குழாய்ப் பக்கம் சாய்த்து அமுக்கினால் இன்னும் ஒரு டம்ளராவது வரும்.